படத்தை அணைத்துவிடுங்கள் என்பவர்களுக்கு

கணினியில் எது பழுதுபட்டாலும் நம்மிடையே கிடைக்கும் முதல் அறிவுரை, ஒருமுறை அணைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள் என்பது. அதற்கும் சரியாகவில்லையென்றால் கிடைக்கும் இரண்டாம் அறிவுரை, அந்த வசதியே உங்களுக்கு எதற்கு என்பது. இரண்டாவதைக் கேட்டு நான் கோபம் கொண்ட சந்தர்ப்பம் ஒன்று உண்டு. அதைப் பற்றி எழுத வேண்டுமென்று பலமுறை எண்ணியும், இலக்கிய வாசகர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்ற தயக்கத்தில் தள்ளிப்போட்டு வந்திருக்கிறேன். இருக்கிறது என்றே இப்போது படுகிறது.

விஷயம் ஸ்க்ரீன் சேவர் பற்றியது. கலைச்சொல்லாக்கம் செய்தவர்கள் இதைத் திரைக்காப்பு என்பார்கள். பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகளில் ஒரே உருவம் நெடுநேரம் அசையாமல் நின்றால் அதன் தடம் நிலையாகப் பதிந்துவிடும். அதைத் தவிர்க்க, ஆள் எழுந்து போனதும் அசையும் படம் ஒன்றைத் திரையில் ஓடவிடும் சிறு நிரல் அது. அலுவலகத் திரைகளில் மீன்கள் நீந்தியதும், வண்ணக் குழாய்கள் முளைத்து மடங்கி நிறைந்ததும் பலருக்கு நினைவிருக்கும். கணினியில் இதைவிட அற்பமான நிரல் இல்லை என்றே எல்லோரும் கருதினோம்.

அந்த அற்ப நிரலுக்குள் ஒரு பெருங்காரியத்தை ஒளித்து வைத்தவர்கள் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள். போர்ட்டோ ரீக்கோ தீவில் அரெசிபோ என்னுமிடத்தில் 305 மீட்டர் விட்டமுள்ள வானலைத் தொலைநோக்கி ஒன்று இருந்தது. வேறு ஆய்வுகளுக்காக அது வானை நோக்கிக்கொண்டிருக்கும்போதே, கூடவே ஒட்டிக்கொண்டு 1420 மெகாஹெர்ட்சை ஒட்டிய அலைகளை இவர்கள் நாடாக்களில் பதிவு செய்தார்கள். வேற்றுலக அறிவுயிர் எவரேனும் சமிக்ஞை அனுப்பியிருந்தால் அது இந்தப் பதிவில் எங்காவது இருக்கக்கூடும் என்பது எண்ணம். நாடாக்கள் தபாலில் பெர்க்லிக்கு வரும். அங்கே அவற்றை 107 விநாடி நீளமுள்ள சிறு சிறு பொதிகளாக நறுக்குவார்கள். ஒவ்வொன்றும் சுமார் 350 கிலோபைட். அவ்வளவையும் அலச அவர்களிடம் கணினி வலு இல்லை. ஆகவே, உங்கள் வீட்டுக் கணினி சும்மா கிடக்கும் நேரத்தை எங்களுக்குத் தாருங்கள் என்று உலகத்தாரைக் கேட்டார்கள். 1999 மே 17 அன்று தொடங்கிய இத்திட்டத்தின் பெயர் செட்டி அட் ஹோம். கணினி ஓய்ந்ததும் திரைக்காப்பு விழிக்கும், பொதியை அலசும், அலசுவதை வண்ண மலைத்தொடர் போன்ற வரைபடமாகத் திரையில் வரைந்தும் காட்டும். ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் காலப்போக்கில் இதில் சேர்ந்தார்கள்.

இத்தனை பேரும் வானியல் பித்தர்கள் அல்லர். அவர்களைக் கூட்டியதில் அந்தப் படத்துக்குக் கணிசமான பங்கு உண்டு என்பது என் துணிபு. அலுவலகத்தில் பக்கத்து மேசைத் திரையில் அது ஓடுவதைக் கண்டு, இதென்ன என்று கேட்டு, தம் கணினியிலும் நிறுவிக்கொண்டவர்களே மிகுதியாக இருந்திருப்பர். ஆனால் படத்துக்கு ஒரு விலை இருந்தது. வரைவதும் கணக்கிடுவதும் ஒரே செயலியின் உழைப்புதான். வரைந்த நேரமெல்லாம் கணக்கிடாத நேரம். எனவே, சில நிமிடங்களில் படத்தை நிறுத்தித் திரையை வெறுமையாக்கிவிடும் வசதியையும் மென்பொருளிலேயே வைத்திருந்தார்கள். விவரம் அறிந்தவர்கள் அதைத்தான் தேர்ந்தார்கள். கணக்குக்காக வந்தவர்கள், காட்சிக்காக வந்தவர்கள் என்ற பிளவு அப்போதே விழுந்துவிட்டது.

பின்னர் இந்த ஏற்பாட்டைப் பல அறிவியல் துறைகளுக்கும் பொதுவாக்கி பாயிங்க் என்ற மென்பொருளைப் பெர்க்லியிலேயே உருவாக்கினார்கள். (விமானக் கம்பெனியின் பெயர் அல்ல இது. ஆனாலும் எங்கள் துறையில் இரண்டு பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.) 2005 டிசம்பரில் செட்டியின் பழைய வடிவம் நிறுத்தப்பட்டு எல்லோரும் பாயிங்குக்கு மாறினார்கள். இதில் திரைக்காப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணக்கு பின்னணியில் நடக்கும். படம் விருப்பத்திற்குரியதாகிவிட்டது.

என் கதை இங்கே நுழைகிறது. 2006இல் எம்.ஃபில். ஆய்வேட்டைத் தட்டச்சிடுவதற்காக வீட்டில் ஒரு கணினி வாங்கினோம். கடைக்காரர் பாகங்களைப் பொருத்திக் கொடுத்த அசெம்பிள்டு பெட்டி, விண்டோஸ் எக்ஸ்பி. அப்பா ரயில்வே மெயில் சர்வீஸில் சார்ட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓடும் ரயிலில் நின்றபடி ஊர் ஊராகக் கடிதங்களைப் பிரித்துப் பெட்டிகளில் வீசியவர். வானத்தை 107 விநாடித் துண்டுகளாக நறுக்கி முகவரி முகவரியாக அனுப்புகிறார்கள் என்று நான் சொன்னதும் அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. நாங்கள் சேர்ந்தது வேறொரு வானியல் திட்டம். திரையில் விண்மீன்கள் பதிந்த கோளம் ஒன்று மெல்லச் சுழலும். வானத்தின் எந்தத் திசைக்குரிய தரவு இப்போது அலசப்படுகிறது என்பதை ஒரு குறி காட்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு அதன்முன் உட்கார்ந்துவிடுவார். தொலைக்காட்சித் தொடர்களிலிருந்து வீட்டுக்கு ஒரு மணி நேர விடுதலை.

மூன்று மாதம் இப்படிப் போயிற்று. ஒருநாள் கல்லூரியிலிருந்து திரும்பியதும் அப்பா கேட்டார்: "ஏம்மா, இன்னைக்கு வானம் வரலியே? இருட்டாவே கெடக்கே?"

திரை கறுத்துக் கிடந்தது. பெட்டியின் விளக்கு மட்டும் எரிந்தது. மறுநாள் படம் வந்தது, ஐந்தாறு நிமிடம் சுழன்றது, பின் அப்படியே உறைந்துவிட்டது. அதைவிடக் கவலைக்குரியது வேறொன்று. முந்தைய நாள் அறுபது விழுக்காட்டைத் தாண்டிவிட்ட பொதி நகரவே இல்லை. நிகழ்வுக் குறிப்புகளைத் திறந்தால் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்திருந்தது: பணி சுழிய நிலையுடன் வெளியேறியது, ஆனால் முடிந்ததற்கான கோப்பு இல்லை. காணாமற்போனவரைப் பற்றிக் காவல் நிலையத்தில் எழுதி வைக்கும் குறிப்புப் போன்ற வாசகம். கணக்கிடும் நிரல் பிழை எதையும் அறிவிக்காமல், முடித்துவிட்டேன் என்றும் சொல்லாமல் மறைந்துவிட்டது என்பது அதன் பொருள். பாயிங்க் அதைக் கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கிவைக்கும். அது மறுபடி மறையும்.

கணினித் துறையில் பணிபுரியும் மாமா மகனைத் தொலைபேசியில் அழைத்தேன். எதிர்பார்த்த பதில்தான். "படத்தை அணைச்சிடுங்க அக்கா. கணக்கு பாட்டுக்கு ஓடும். படம் சும்மா ஷோ."

அவன் சொன்னது சரி என்பதைச் சோதனை காட்டியது. திரைக்காப்பாக வெறுந்திரையைத் தேர்ந்தேன். பொதி காலைக்குள் முடிந்து போய்ச் சேர்ந்தது. பெரும்பாலோர் இந்த இடத்தில் நின்றுவிடுவார்கள். ஆனால் கணக்கு ஓடுகிறது என்பது மட்டுமே தெரிந்திருக்கிறதே தவிர, பழுது எது என்பது இன்னும் தெரியவில்லை. பாடபேதங்களில் உழன்ற பழக்கமோ என்னவோ, எந்த இடத்தில் எவர் கையால் பிழை புகுந்தது என்பதை அறியாமல் விட மனம் வரவில்லை.

படத்தைத் திரைக்காப்பாக அன்றி, பாயிங்க் மேலாளரில் உள்ள பொத்தானை அழுத்திச் சாதாரணச் சன்னலில் திறந்து பார்த்தேன். அங்கும் ஐந்தாறு நிமிடத்தில் உறைந்தது. ஆக, திரைக்காப்பு என்ற ஏற்பாட்டின் மீது குற்றமில்லை, வரைதலில்தான் ஏதோ கோளாறு. அடுத்து, இந்தத் திட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத, விண்டோஸோடு வந்த அந்த வண்ணக் குழாய்களை ஓடவிட்டேன். அவையும் இந்தக் கோளமும் முப்பரிமாணத்தை வரைய ஓப்பன் ஜிஎல் என்ற ஒரே முறையைக் கையாளுபவை. குழாய்களும் பாதி வளர்ந்த நிலையில் உறைந்து நின்றன. அந்தக் கணத்தில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொன்னால் சிரிப்பீர்கள். குற்றவாளி திட்டமும் அல்ல, பாயிங்கும் அல்ல. திரை அட்டையை இயங்குதளத்தோடு பேசவைக்கும் டிரைவர் நிரல்தான். அட்டையோடு கொடுத்த குறுந்தகட்டிலிருந்து நிறுவியது அது. எந்தக் கம்பெனி என்பது இப்போது எதற்கு?

திரை அமைப்புகளில் வன்பொருள் முடுக்கத்தைக் குறைக்கும் நகர்த்தி ஒன்று எக்ஸ்பியில் இருந்தது. அதை இடப்பக்கம் தள்ளினேன். படம் உறைவது நின்றது. ஆனால் இப்போது அட்டையின் வேலையையும் செயலியே இழுத்துச் செய்ய, கோளம் தள்ளாடித் தள்ளாடிச் சுழன்றது. ஒன்பது மணி நேரத்தில் முடிந்த பொதி பன்னிரண்டைத் தாண்டியது. காட்சியா கணக்கா என்ற பழைய பிளவு எங்கள் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டது. அப்பாவுக்கு வானம் வேண்டும். யாரோ ஓர் ஆய்வாளருக்கு விடை வேண்டும். இருவருக்கும் நடுவே மின்கட்டணம் கட்டுபவளாக நான்.

கடைசியில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அந்த அட்டைக்குரிய டிரைவரின் வேறு பதிப்புகளைத் தரவிறக்கிக் குறுந்தகட்டில் எடுத்து வந்தேன். ஆகப் புதியது நிலைமையை மோசமாக்கியது. மூன்றாம் முயற்சியில் நிறுவிய இடைப்பட்ட பதிப்பு ஒன்றே நிலைத்தது. பிந்தியது செம்மையானது என்ற நம்பிக்கை பதிப்புத் துறையில் எனக்கு முன்பே இல்லை, மென்பொருளிலும் அன்றோடு போயிற்று. வானம் திரும்பியது. சில மாதங்களில் ஆய்வேடும் முடிந்தது.

இனிச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். படத்தை அணைத்துவிடுங்கள் என்ற அறிவுரையில் தொழில்நுட்பப் பிழை ஏதுமில்லை. அன்றைய அமைப்பில் வரைதலும் கணக்கும் ஒரே நிரலின் இரு கைகள். ஒரு கை தீயில் பட்டால் ஆளே வீழ்வான். டிரைவரின் தவற்றால் வரைதல் செத்தபோது கணக்கும் உடன் செத்தது இதனால்தான். ஏட்டுச்சுவடிகளில் மூலமும் உரையும் பிரித்தறிய முடியாதபடி கலந்து எழுதப்பட்டிருந்ததால் பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு நாம் அறிந்ததே. உரையில் நேர்ந்த பிழை மூலத்தையும் கெடுத்துவிடும். அதற்குத் தீர்வு உரையைக் கொளுத்துவதல்ல, மூலத்தைத் தனியே, உரையைத் தனியே நிறுத்துவது. 2008இல் வெளிவந்த பாயிங்கின் ஆறாம் பதிப்பு இதையே செய்தது. படம் வரைவது தனி நிரலாயிற்று. கணக்கு நிரல் தன் நிலையைப் பொது நினைவகப் பகுதி ஒன்றில் எழுதிவைக்கும், பட நிரல் அதைப் படித்து வரையும். படம் விழுந்தாலும் கணக்கு விழாது. எங்கள் வீட்டில் நேர்ந்த விபத்து அந்த அமைப்பில் நேர்ந்திருக்காது. அணைத்துவிடுங்கள் என்று சொல்லாமல் பிரித்துவைத்தார்களே, அந்தப் பொறியாளர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு.

பிரித்ததிலும் புதுச் சிக்கல்கள் வரத்தான் செய்தன. 2010இல் விண்டோஸ் 7 உள்ள கணினியில் பாயிங்கை நிறுவும்போது, பாதுகாப்பு கூடுதல் என்றெண்ணி அதைச் சர்வீஸாக இயங்கும்படி குறியிட்டுவிட்டேன். படம் அடியோடு வரவில்லை. பழைய அனுபவத்தின் செருக்கில் ஒரு வாரம் டிரைவர்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன். காரணம் வேறு. விஸ்டாவிலிருந்து விண்டோஸ், சர்வீஸாக ஓடும் நிரல்களை ஆள் அமர்ந்திருக்கும் அமர்விலிருந்து பிரித்துத் தனி அறையில் வைத்துவிடுகிறது. அந்த அறைக்கு நம் திரையை நோக்கிய சன்னல் கிடையாது. மீண்டும் சாதாரண முறையில் நிறுவியதும் பத்தே நிமிடத்தில் வானம் வந்தது. முன்பு கண்ட நோயையே மீண்டும் காண்பது வைத்தியர்களுக்கும் உரையாசிரியர்களுக்கும் பொதுவான குற்றம்.

ஆனால் "சும்மா ஷோ" என்ற சொல்லோடு எனக்குள்ள வழக்கு தீரவில்லை. ரொசெட்டா அட் ஹோம் என்ற திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புரதங்கள் எவ்வாறு மடிந்து உருக்கொள்கின்றன என்பதைக் கணிக்க வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பேக்கர் குழுவினர் 2005இல் தொடங்கியது. 2024ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் பாதியைப் பெற்ற அதே பேக்கர்தான். அதன் திரைக்காப்பில் கணினி ஒரு புரதச் சங்கிலியை இப்படியும் அப்படியும் வளைத்துப் பார்ப்பது தெரியும். கணினியைத் தானம் தந்தவர்களில் சிலர் அதன்முன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள், எங்கள் அப்பாவைப்போல. பார்த்துவிட்டு எழுதினார்கள்: இந்த மடிப்பை இப்படித் திருப்பினால் பொருந்துமே, உங்கள் கணினிக்கு ஏன் அது தெரியவில்லை, நாங்களே கையால் திருப்ப வழியுண்டா? அதிலிருந்து பிறந்ததே 2008இல் வெளியான ஃபோல்டிட் என்னும் விளையாட்டு. 2011இல், குரங்குகளைத் தாக்கும் ஒரு வைரஸின் நொதிக்கு, பத்தாண்டுகளுக்கும் மேலாக ஆய்வாளர்களுக்குப் பிடிபடாதிருந்த வடிவத்தை ஃபோல்டிட் ஆட்டக்காரர்கள் சில வாரங்களில் உருவாக்கித் தந்தார்கள். அறிவியல் இதழில் அது கட்டுரையாக வந்தது. படம் வெறும் அலங்காரம் என்று கருதி அவர்கள் எல்லோரும் அன்று அணைத்திருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இருந்திருக்காது.

எதிர்வழக்கையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நேர்மையாகாது. படம் சாட்சி அல்ல. 2010இல் ஐன்ஸ்டீன் அட் ஹோம் திட்டத்தில், நொடிக்கு ஏறத்தாழ 41 முறை சுழலும் ஒரு துடிவிண்மீனை, அமெரிக்காவின் அயோவாவிலுள்ள ஒரு தம்பதியின் கணினியும் ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்து ஒருவரின் கணினியும் கண்டறிந்தன. அலசப்பட்ட தரவு அரெசிபோவில் பதிவானது. அவர்கள் திரையில் அப்போது மணி ஏதும் அடிக்கவில்லை, செய்தி ஆய்வாளர்களிடமிருந்துதான் வந்தது. தவிரவும், தனி நிரலாகிவிட்ட படம், கணக்கு நின்றுபோன பின்பும் பழைய நிலையையே காட்டிக்கொண்டிருக்கக் கூடும், எழுதியவர் கவனமாக எழுதாவிட்டால். அப்பா இரண்டொரு முறை, குறி அசைந்தது, ஏதோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்றபோது நான் மறுக்கவில்லை. மறுத்திருக்க வேண்டும்.

எனவே என் நிலை இது: பழுது வந்தால் முதலில் கணக்கைக் காப்பாற்றுங்கள், வெறுந்திரையைப் போடுங்கள். ஆனால் அங்கே நிற்காதீர்கள். சன்னலில் திறந்து பாருங்கள், வேறொரு முப்பரிமாணப் படத்தை ஓட்டிப் பாருங்கள், டிரைவரை மாற்றுங்கள், எந்த முறையில் நிறுவினோம் என்பதை நினைத்துப் பாருங்கள். படம் திரும்பும் வரை வேலை முடியவில்லை என்று கொள்ளுங்கள். கணினி நேரத்தைத் தருபவர் கூலி பெறுவதில்லை. மின்கட்டணத்தை அவரே கட்டுகிறார், அவர் மின்விசிறியே தூசியை உண்கிறது. அவருக்குத் திரும்பக் கிடைத்தது அந்தப் படம் ஒன்றுதான். அதைப் பார்க்க விரும்புவது விவரம் தெரியாதவர்களின் சபலம் என்று பேசுவது, கோயிலுக்கு எண்ணெய் கொடுத்தவனிடம் விளக்கு எரிவதை நீ ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்பதற்குச் சமம்.

இன்று காட்சி பெரிதும் மாறிவிட்டது. தட்டைத் திரைகளுக்கு அந்தக் காப்பு தேவையில்லை. மின்சிக்கனம் கருதித் திரை தானே அணைந்துவிடுகிறது, அது நல்லதும்கூட. செட்டி அட் ஹோம் 2020 மார்ச் 31 முதல் பொதிகள் அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று அரெசிபோ தொலைநோக்கியின் மேல்மேடை அறுந்து விழுந்து வட்டில் நொறுங்கிற்று. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். கொரோனா காலத்தில் ஃபோல்டிங் அட் ஹோம் திட்டத்துக்கு உலகெங்கிலுமிருந்து கணினிகள் வந்து குவிந்தது ஆறுதலான செய்தி.

பாயிங்க் இன்னும் என் மடிக்கணினியில் இருக்கிறது. மேலாளரில் பணியைத் தேர்ந்தால், படம் உள்ள திட்டத்துக்குப் படத்தைக் காட்டும் பொத்தான் தெளிவாகத் தெரியும், இல்லாததற்கு மங்கிக் கிடக்கும். இப்போதெல்லாம் மங்கிக் கிடப்பதே அதிகம். புதிய திட்டம் எதிலாவது சேர்ந்தால், முதல் பொதி வந்ததும் நான் பார்ப்பது அந்தப் பொத்தானைத்தான்.